அழிக்கப்பட்ட பெயர்: எமிலி டிக்கின்சனின் காதல் கடிதங்கள் அச்சேறிய கதை

எடுத்துக்கொண்ட நிகழ்வு

1850களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆமர்ஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து ஓர் இளம்பெண் வெளியூரில் இருந்த தன் அண்ணனுக்குக் கடிதங்கள் எழுதினாள். அவற்றில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. இன்று அந்தத் தாள்களைப் பார்த்தால், அந்தப் பெயர் இருந்த இடங்கள் பல சுரண்டப்பட்டிருக்கின்றன. சில இடங்களில் கத்தரிக்கோல் பாய்ந்திருக்கிறது. எழுதியவர் எமிலி டிக்கின்சன். அழிக்கப்பட்ட பெயர் சூசன்.

சூசனுக்கு எமிலி நேரடியாக எழுதிய கடிதங்கள் வெட்டின்றி ஒரே தொகுப்பாக அச்சுக்கு வந்தது 1958இல். எமிலி இறந்தது 1886இல். இடையே 72 ஆண்டுகள். அந்தக் காலத்தில் இந்தத் தாள்கள் யார் யார் கைக்குப் போயின, ஒவ்வொருவரும் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதை வரிசையாக வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வு. வீட்டில் ஒரு கட்டு பழைய கடிதம் வைத்திருப்பவர்களும், பிறர் கடிதங்களைப் பதிப்பிக்கும் வேலையில் இருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று எண்ணி எழுதுகிறேன்.

நிகழ்வு ஆய்வுகளில் ஆட்களின் பெயரை விட்டுவிடுவது வழக்கம். நானும் குடும்பத்தாரையும் அவர்களுக்கு நெருங்கியவர்களையும் அண்ணன், தங்கை, அண்ணன் மகள் என்று உறவுமுறையால் மட்டுமே சொல்கிறேன். கவிஞரின் பெயருக்கும் சூசனின் பெயருக்கும் மட்டும் இந்த விதி பொருந்தாது. சூசனின் பெயரை நீக்கியதுதான் இங்கே ஆராயப்படும் செயல். அதை நானும் ஒருமுறை செய்ய விரும்பவில்லை.

பின்னணி

எமிலி பிறந்தது 1830 டிசம்பர் 10. சூசன் கில்பர்ட் பிறந்தது அதே மாதம் 19. ஒன்பது நாள் வித்தியாசம். எமிலியின் தந்தை வழக்கறிஞர், ஆமர்ஸ்ட் கல்லூரியின் பொருளாளர், ஊரில் பெரிய வீட்டுக்காரர். சூசன் சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்து உறவினர் வீடுகளில் வளர்ந்தவர். இருபது வயதுக்கு அருகில் இருவரும் நெருங்கிய தோழிகள் ஆனார்கள். 1851இல் சூசன் கணக்கு ஆசிரியையாக பால்டிமோருக்குப் போனார். இன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் கடிதங்களில் முதல் கட்டு அந்தப் பிரிவில் எழுதப்பட்டது.

1852 ஜூன் 11ஆம் தேதிக் கடிதத்தில் அந்தப் பிற்பகல் முழுவதும் தனக்கு ஒரே நினைவுதான், அது சூசிதான் என்கிறார் எமிலி. அப்போது நாட்டின் பெரிய அரசியல் கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் மாநாடு பால்டிமோரில் நடக்கவிருந்தது. தந்தை அதற்குப் பிரதிநிதி. தான் ஏன் பிரதிநிதியாகப் போகக் கூடாது, அந்தக் கட்சித் தலைவர் டேனியல் வெப்ஸ்டரைப் பற்றியும் சுங்கவரியைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் தனக்குத் தெரியாதா என்று கேட்கிறார். போனால் கூட்டத்தின் இடைவேளையில் சூசியைப் பார்த்துவிடலாமே என்பதுதான் காரணம். அந்தத் தாளில் தனியாக ஒரு வரி: "என்னைக் கவனமாகத் திற."

அதே மாதம் 27ஆம் தேதி, சூசன் ஊர் திரும்பும் நாள் நெருங்கியபோது: "வரும் சனிக்கிழமை உண்மையாகவே வீட்டுக்கு வருவாயா சூசி? மறுபடி என்னுடையவளாகி, முன்பு முத்தமிட்டதுபோல் என்னை முத்தமிடுவாயா?" இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு 80 ஆண்டு கழித்து ஒன்று நடக்கிறது.

1853இல் சூசனுக்கும் எமிலியின் அண்ணனுக்கும் நிச்சயமானது. 1854இல் தோழிகளுக்குள் ஒரு கடுமையான பிணக்கு. "சூ, நீ போகலாம், இருக்கலாம்" என்று தொடங்கும் கடிதம் அந்த ஆண்டைச் சேர்ந்தது. 1856 ஜூலையில் திருமணம். மணமக்களுக்குப் பக்கத்து மனையிலேயே புதிய வீடு எழுந்தது. தோழி அண்ணி ஆனார். எமிலி இறக்கும்வரை இரு வீடுகளுக்கும் நடுவில் ஒரு செடிவேலிதான்.

அந்த வேலியைத் தாண்டி 30 ஆண்டுகள் சீட்டுகள் போயின. எமிலி வேறு எவருக்கும் அனுப்பியதைவிட அதிகக் கவிதைகளைச் சூசனுக்கு அனுப்பினார். சுமார் 250. 1861இல் ஒரு கவிதையின் இரண்டாம் பத்தி சரியாக அமையவில்லை என்று சூசன் எழுத, எமிலி வேறு பத்தி எழுதி அனுப்ப, அதற்கும் சூசன் பதில் எழுதியிருக்கிறார். முதல் பத்தியை நினைத்த பிறகு குளிர்காயக் கணப்பருகே போக வேண்டியிருக்கிறது என்கிறார். கவிதை உருவாகும்போதே அதைப் படித்தவர் அவர். 1880களில் எமிலி அவருக்கு எழுதிய சீட்டு ஒன்று, ஷேக்ஸ்பியரைத் தவிர, உயிரோடிருக்கும் எவரையும்விட உன்னிடமே நான் அதிகம் அறிந்தேன் என்கிறது.

இவை காதல் கடிதங்கள்தானா என்ற கேள்வி உண்டு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்கள் தோழிகளுக்கு இப்படித்தான் உருகி எழுதினார்கள் என்று வரலாற்றாய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கரோல் ஸ்மித்-ரோசன்பர்க் 1975இல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. அதை ஏற்கிறேன். ஆனால் கால வழக்கம் மொழிநடையை விளக்கும். 30 ஆண்டு விடாத நினைப்பை விளக்காது. எமிலியும் சூசனும் தனிமையில் எப்படி இருந்தார்கள் என்பதைத் தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, தேவையும் இல்லை. தாளில் இருப்பது காதல்.

1886: எரித்ததும் எரிக்காததும்

1886 மே 15ஆம் தேதி எமிலி இறந்தார். உடலுக்கு இறுதி ஆடை அணிவிக்கும் பொறுப்பைச் சூசன் ஏற்றார். மூன்று நாள் கழித்து ஸ்பிரிங்ஃபீல்டு ரிபப்ளிக்கன் இதழில் வந்த அஞ்சலிக் குறிப்பையும் அவரே எழுதினார்.

வீட்டில் உடனிருந்த தங்கை, தன்னிடம் எமிலி முன்பே சொல்லி வைத்திருந்தபடி, எமிலிக்கு வந்திருந்த கடிதங்களில் பெரும்பகுதியை எரித்தார். அது அந்தக் காலத்து நாகரிகம். இறந்தவரின் அந்தரங்கத்தைக் காப்பது வீட்டாரின் கடமை என்று அவர் நம்பினார். அதற்குப் பிறகுதான் அலமாரிப் பெட்டியில் கவிதைகளைக் கண்டார். கையால் தைத்த சுமார் 40 சிறு ஏடுகள், தைக்காத தாள்கள், உறையின் பின்புறங்கள். எல்லாம் சேர்த்து 1,800க்கு அருகில். அவற்றை என்ன செய்வது என்று எமிலி எதுவும் சொல்லி வைக்கவில்லை. சொல்லாததால் அவை பிழைத்தன.

சூசன் எமிலிக்கு எழுதியவை அந்தத் தீயில் போயின. மேலே சொன்ன 1861 சீட்டுபோல ஓரிரண்டு மட்டும் தப்பின. ஆகவே நம்மிடம் இருப்பது உரையாடலின் ஒரு பக்கம். "பாதிதான் கிடைத்தது, பாதி காதல்தான் இருந்தது" என்று பிற்காலத்தில் சிலர் நினைத்ததற்கு இந்தத் தீயும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பதில் வராத கடிதங்களாக அவை படிக்கப்பட்டன. உண்மையில் பதில் வந்தது. பதிலைத்தான் எரித்தார்கள்.

தங்கையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் வாக்கைக் காப்பாற்ற இன்னொரு வழியும் இருந்தது. வந்த கடிதத்தை எழுதியவரிடமே திருப்பிக் கொடுப்பது அந்தச் சமூகத்தில் இருந்த பழக்கம். சூசன் இருந்தது வேலிக்கு அந்தப் பக்கம்.

கைமாறிய தாள்கள்

தங்கை கவிதைகளை முதலில் சூசனிடம்தான் கொடுத்தார். சூசன் அவற்றைப் படித்தார், குறியிட்டார், சில இதழ்களுக்கு அனுப்பினார். வேலை மெதுவாகப் போனது. அவர் மனத்தில் இருந்த நூலே வேறு. வழக்கமான கவிதைத் தொகுப்பாக இல்லாமல், கவிதையும் கடிதமும் குழந்தைகளுக்கு எழுதிய வேடிக்கைத் துணுக்குகளும் கலந்த ஒன்றை அவர் திட்டமிட்டிருந்ததாகப் பின்னர், எமிலியோடு கடிதத் தொடர்பில் இருந்த எழுத்தாளர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனுக்கு எழுதினார். எமிலி எழுதிய விதத்துக்கு அதுவே நெருக்கமான திட்டம். அவர் சீட்டில் கவிதை எங்கே முடிகிறது, கடிதம் எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் கோடு போட முடியாது.

பொறுமையிழந்த தங்கை தாள்களைத் திரும்ப வாங்கி, கல்லூரியின் வானியல் பேராசிரியருடைய மனைவியிடம் கொடுத்தார். இங்கேதான் நிகழ்வு திரும்புகிறது. அந்தப் பெண்மணியும் எமிலியின் அண்ணனும் 1882இலிருந்து காதலர்கள். சூசனுக்கு அது தெரியும். ஊருக்கும் ஓரளவு தெரியும். தன் கணவரின் காதலியிடம், தனக்கு உயிரான தோழியின் கைப்பிரதிகள் போய்ச் சேர்ந்ததைச் சூசன் பின்னர்தான் அறிந்தார்.

பேராசிரியர் மனைவி செய்த வேலையின் அளவைக் குறைத்துச் சொல்வது அநியாயம். படிக்கவே கடினமான அந்தக் கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் புரிந்து, நூற்றுக்கணக்கான கவிதைகளைத் தட்டச்சு செய்தார். ஹிக்கின்சனும் அவரும் சேர்ந்து பதிப்பித்த முதல் தொகுதி 1890 நவம்பரில் பாஸ்டனின் ராபர்ட்ஸ் பிரதர்ஸ் வெளியீடாக வந்தது. இரண்டாம் தொகுதி 1891, மூன்றாவது 1896. அவர் இல்லாவிட்டால் எமிலி டிக்கின்சன் என்ற கவிஞர் உலகத்துக்குக் கிடைக்க இன்னும் பல காலம் ஆகியிருக்கும்.

1894இல் அவர் கடிதங்களையும் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். சூசனுக்கு எழுதிய கடிதம் ஒன்றுகூட அதில் இல்லை. அவை சூசனிடமே இருந்தன. அவர் கொடுக்கவில்லை, கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். அண்ணனுக்கு எழுதியவை மட்டும் அண்ணன் வழியே பதிப்பாசிரியரிடம் வந்தன. சூசன் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வரும் கடிதங்கள் அவை.

தாள்களில் கண்டவை

பேராசிரியரின் மகள் 1955இல் வெளியிட்ட நூலில் ஒரு சாட்சியம் இருக்கிறது. கடிதங்களைத் தன் தாயிடம் கொடுக்கும்போது, இளமைக்காலத் தோழி ஒருத்தியின் பெயர் வரவே கூடாது என்று அண்ணன் நிபந்தனை போட்டாராம். அந்தத் தோழி அவருடைய மனைவியேதான். நிபந்தனையோடு நில்லாமல், கொடுக்கும் முன் தாமே தாள்களைப் பார்த்து அந்தப் பெயரை நீக்கினார், அவரைக் குறிப்பதாகத் தெரியும் இடங்களைச் சில வேளை மாற்றவும் செய்தார் என்கிறது அந்தச் சாட்சியம்.

இது ஒரு தரப்பின் கூற்று என்பதை மறக்கக் கூடாது. சொன்னவர் பதிப்பாசிரியரின் மகள். சொல்லப்பட்டவர் இறந்து 60 ஆண்டுகள் ஆகியிருந்தன. அழித்தது அண்ணன் மட்டும்தானா, பதிப்பாசிரியரும் சேர்ந்தா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. எழுதிய கைக்கு எழுத்து உண்டு, சுரண்டிய கைக்கு எழுத்து கிடையாது. இந்த நிகழ்வில் உண்மையாகவே பெயரில்லாத ஆள் அந்த ஒருவர்தான்.

கடிதங்களோடு நின்றிருந்தால், குடும்ப மானம் என்ற விளக்கம் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் தைத்த ஏடுகளில் ஒரு கவிதையும் சிக்கியது. 1858இல் எழுதிய அந்தக் கவிதை, எங்கள் வீட்டில் எனக்கு ஒரு சகோதரி, ஒரு வேலிக்கு அப்பால் இன்னொருத்தி என்று தொடங்குகிறது. இரவின் எண்ணற்ற விண்மீன்களில் இந்த ஒன்றையே தேர்ந்தேன் என்று சொல்லி, "சூ, என்றென்றும்" என்று முடிகிறது. ஏட்டுப் பிரதியில் அதன் வரிகள் மீது மை அடிக்கப்பட்டிருக்கிறது. இது அச்சுக்குப் போகாதபடி ஒதுக்குவது அல்ல. ஒதுக்க நினைத்தவர் நகல் எடுக்காமல் விட்டால் போதும். மூலத்தின் மேல் மை அடிப்பவர், பின்னால் வரும் எவரும் இதைப் படிக்கக் கூடாது என்று நினைக்கிறார்.

தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு நினைவு வராமல் இராது. அகத்திணையில் எவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் இல்லாததால் அந்தக் காதல் எல்லோருடையதும் ஆகிறது. அதைச் சொல்லி இந்த அழிப்பை நியாயப்படுத்த முடியுமா என்று நானே யோசித்துப் பார்த்தேன். முடியாது. அங்கே பெயர் சொல்லாதிருப்பது கவிஞர் தாமே ஏற்ற நெறி. இங்கே கவிஞர் பெயரைச் சொன்னார், அதுவும் கவிதையின் கடைசி வரியில், அதுதான் கவிதை போய்ச் சேர வேண்டிய இடம் என்பதுபோல. எடுத்தவர் வேறொருவர்.

வழக்கும் பூட்டும்

1895இல் அண்ணன் இறந்தார். அவர் விருப்பப்படி பேராசிரியர் மனைவிக்கு ஒரு துண்டு நிலம் எழுதிக் கொடுக்கப்பட்டது. கையெழுத்திட்ட தங்கை பின்னர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1898இல் தங்கை வென்றார், மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. அவமானப்பட்ட பேராசிரியர் மனைவி தன்னிடம் இருந்த கைப்பிரதிகளை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார். அது மறுபடி திறந்தது 1929இல். நிலத் தகராறுக்குக் கவிதைகள் 30 ஆண்டு சிறையிருந்தன.

1913 முதல் 1932 வரை: அண்ணன் மகளின் கை

சூசன் 1913இல் இறந்தார். அவருடைய கடைசி ஆண்டைப் பற்றி மகள் எழுதிய குறிப்பு இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் மனத்தைத் தொட்ட இடம். தாய் அந்தக் கவிதைகளையும் எண்ணற்ற கடிதங்களையும் மறுபடி மறுபடி படித்தாராம். என்ன செய்வது என்ற தயக்கம் கூடிக்கொண்டே போனதாம். முடிவெடுக்காமலே போய்விட்டார். எரிப்பதா, எமிலியை நேசிக்கும் வாசகர்களுக்குக் கொடுப்பதா என்ற தேர்வு மகளிடம் வந்தது. மகள் கொடுப்பதைத் தேர்ந்தார். 1914இல் தாய்க்கு வந்த கவிதைகளின் தொகுதி வெளிவந்தது. மை அடிக்கப்பட்ட கவிதையும் அதில் முகப்பாக இருந்தது. சூசனிடம் ஒரு பிரதி பத்திரமாக இருந்ததே காரணம்.

1924இலும் 1932இலும் கடிதங்கள் வந்தன. 1932 நூலில்தான், 1852 ஜூன் 27ஆம் தேதிக் கடிதத்துக்கு அது நடந்தது. "வரும் சனிக்கிழமை உண்மையாகவே வீட்டுக்கு வருவாயா சூசி?" என்பது இருக்கிறது. "மறுபடி என்னுடையவளாகி, முன்பு முத்தமிட்டதுபோல் என்னை முத்தமிடுவாயா" என்பது இல்லை. புள்ளி இல்லை, இடைவெளி இல்லை, ஏதோ விடுபட்டிருக்கிறது என்ற அடையாளமே இல்லை. வாக்கியம் அங்கேயே முடிந்ததுபோல் கேள்விக்குறி நிற்கிறது.

இது எதிரியின் கை அல்ல. தாயை நேசித்த, அத்தையை நேசித்த மகளின் கை. 1852இல் கூச்சமின்றி எழுத முடிந்த ஒரு வரி, 1932இன் வாசகர் கண்ணில் வேறாகத் தெரியும் என்று அவர் கணித்தார். பெண்கள் இருவரின் நெருக்கத்தை நோயாகப் பெயரிடும் பேச்சு அதற்குள் பரவிவிட்டது. அவர் அஞ்சியதில் காரணம் இருந்தது. ஆனால் "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள்" என்று இன்று சொல்பவர்கள் இந்த வெட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அது வெறும் வழக்கமான பேச்சாகவே அவருக்குத் தோன்றியிருந்தால், வெட்டியிருக்க மாட்டார்.

முழுமையாக வந்தபின்

1950இல் சூசன் வீட்டுத் தாள்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும், 1956இல் பேராசிரியர் வீட்டுத் தாள்கள் ஆமர்ஸ்ட் கல்லூரிக்கும் போய்ச் சேர்ந்தன. தாமஸ் ஜான்சன் 1955இல் கவிதைகளையும், தியோடோரா வார்டுடன் சேர்ந்து 1958இல் 1,049 கடிதங்களையும் பதிப்பித்தார். முத்தம் பற்றிய வரி அதில் இருந்தது. ஆனால் அச்சில் வந்ததும் எல்லோரும் கண்டுவிடவில்லை.

காரணம், அதற்குள் கேள்வியே வேறு திசையில் போயிருந்தது. எமிலியின் தாள்களில் "மாஸ்டர்" என்று விளித்து எழுதிய மூன்று கடித வரைவுகள் இருந்தன. 1894 நூலில் சில வரிகள் மட்டும் வந்து, 1955இல் முழுமையாக வெளியாயின. அவை அனுப்பப்பட்டனவா என்பதற்குச் சான்றில்லை. அந்த மாஸ்டர் யார்? பிலடெல்பியா மதகுருவா, ஸ்பிரிங்ஃபீல்டு பத்திரிகை ஆசிரியரா? பல தலைமுறை ஆய்வாளர்கள் தேடினார்கள். பிற்காலத்தில் மாசசூசெட்ஸின் சேலம் நகரில் வாழ்ந்த நீதிபதி ஓடிஸ் லார்டுக்கு எமிலி எழுதிய வரைவுகள் 1954இல் வந்தன. அவரை நேசிக்கிறேன், நேசிப்பதில் மகிழ்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லும் கடிதங்கள். அவையும் உண்மையான காதல்தான், அதைக் குறைக்கவில்லை. எனக்கு வருத்தம் தருவது ஒன்றுதான். பெயர் இல்லாத ஓர் ஆணைத் தேடி நூலகங்களில் ஆண்டுகள் கழிந்தன. பெயரோடு பக்கத்து வீட்டில் இருந்தவரை, சண்டைக்கார அண்ணி என்ற ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டார்கள். அந்தச் சித்திரத்தின் மூலம் பெரும்பாலும் பேராசிரியர் வீட்டுத் தரப்புச் சொன்ன கதை.

1977இல் லிலியன் ஃபேடர்மன் 1932 பதிப்பையும் 1958 பதிப்பையும் அருகருகே வைத்து வெட்டுகளைக் காட்டினார். மார்த்தா நெல் ஸ்மித் 1992இல் வெளியிட்ட நூலில் கைப்பிரதிகளின் சுரண்டல்களையும் வெட்டுகளையும் ஆராய்ந்தார். 1998இல் அவரும் எலன் லூயிஸ் ஹார்ட்டும் சூசனுக்கு எழுதியவற்றைக் கவிதை, கடிதம் என்று பிரிக்காமல் ஒரே நூலாகத் தந்தார்கள். தலைப்பு, 1852இல் எமிலி எழுதிய அதே வரி: என்னைக் கவனமாகத் திற. சூசன் 1890இல் நினைத்திருந்த நூலுக்கு மிக அருகில் வந்தது அதுதான். 2024இல் கிறிஸ்டேன் மில்லரும் டோனல் மிட்செலும் 1,304 கடிதங்களுடன் புதிய முழுத்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள்.

வேறு என்ன செய்திருக்கலாம்

முதலில் பதிப்பாசிரியர் தேர்வு. அந்த ஊரில், அந்த ஆண்டில், அந்தக் கையெழுத்தைப் படிக்கும் திறமையும் உழைக்கும் மனமும் பேராசிரியர் மனைவிக்குத்தான் இருந்தது. எனவே கவிதைகளை அவரிடம் கொடுத்தது தவறில்லை. அண்ணனுக்கு எழுதிய கடிதங்களை அவரிடம் கொடுத்தது தவறு. ஒருவரின் பெயர் வரும் ஆவணத்தை, அவர் இல்லாமல் போனால் பலன் பெறுபவரிடம் ஒப்படைக்கக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுத்திருக்கலாம்.

அடுத்து, மறைப்பதும் அழிப்பதும் ஒன்றல்ல. உயிரோடிருப்பவர் மனம் நோகும் என்றால் ஒரு வரியை அச்சில் விட்டுவிடலாம், நானும் விட்டுவிடுவேன். ஆனால் விட்ட இடத்தில் மூன்று புள்ளி வைப்பேன், மூலத்தில் கை வைக்க மாட்டேன். 1932 நூலில் அந்த மூன்று புள்ளி இருந்திருந்தால், ஃபேடர்மனின் கட்டுரைக்கு 45 ஆண்டு முன்பே யாராவது கேட்டிருப்பார்கள்.

சூசனின் தயக்கத்துக்கும் விடை இருந்தது. எரிக்கவும் வேண்டாம், உடனே கொடுக்கவும் வேண்டாம். முத்திரையிட்டு ஒரு நூலகத்தில் வைத்துக் கெடு குறிக்கலாம். கவிஞர் டி. எஸ். எலியட் தனக்கு எழுதிய 1,131 கடிதங்களை அவருடைய தோழி எமிலி ஹேல் அப்படித்தான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தார். இருவரும் இறந்து 50 ஆண்டு கழித்தே திறக்க வேண்டும் என்று ஏற்பாடு. 2020 ஜனவரியில் திறந்தார்கள். அங்கும் ஹேல் எழுதிய பாதி இல்லை, எலியட் அதை எரிக்கச் செய்திருந்தார். ஒரு கட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் இரண்டு வீட்டிலும் பேச வேண்டும் என்பதை இரண்டு நிகழ்வும் சேர்ந்தே காட்டுகின்றன.

கடைசியாக, பிரதி. மை அடித்தவர் ஏட்டில் இருந்ததை மட்டும் அழித்தார். எமிலியோ அந்தக் கவிதையை ஏற்கெனவே வேலிக்கு அப்பால் அனுப்பியிருந்தார். இரண்டு நூலகங்களின் தாள்களையும் படமெடுத்து 2013இலிருந்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டு பிரதியையும் இப்போது ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆமர்ஸ்ட் தாளில் வரிகள் கறுத்துக் கிடக்கின்றன. ஹார்வர்டு தாளில், சூசன் 55 ஆண்டு வைத்திருந்த அந்தத் தாளில், கடைசி வரி அப்படியே இருக்கிறது: "சூ, என்றென்றும்."